கிருமிக்குப் பசிக்குமே என்று

மார்ச் 4
மருமகள் தன் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டுவந்து என் அறை அலமாரியில் வைத்தாள். அங்கே சூடு காக்கும் பெட்டி பழுதாம். அடுப்படிச் சுவரை ஒட்டிய என் அறைதான் வீட்டிலேயே வெதுவெதுப்பு. "கொஞ்ச நாளைக்குத்தான் அத்தை. தொட்டுடாதீங்க." கேட்கவில்லை, சொன்னாள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, நான் கழுவிக் காயவைத்து மெத்தைக்கடியில் சேர்த்திருந்த பிளாஸ்டிக் பைகளையெல்லாம் குப்பையில் கொட்டியவள். அன்று அவள் கட்டியிருந்த புடவையின் கரைகூட எனக்கு மறக்கவில்லை.

மார்ச் 5
உள்ளே என்ன என்று மகனிடம் கேட்டேன்.
"கிருமிம்மா. பிளாஸ்டிக்கைத் தின்னும்."
"யார்கிட்ட காது குத்துற?"
"சத்தியமா. குப்பைமேட்டு மண்ணுல இருந்து எடுத்தது."
தண்ணீரில் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். மாதக் கடைசியில் மேலதிகாரிகள் வருவார்களாம். துண்டு அரிபட்டிருந்தால் இவள் வேலை நிலைக்கும். இல்லையென்றால் இவள் இடம் வேறொருவருக்கு. சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

மார்ச் 9
துண்டு அப்படியே. பாவம், பட்டினி கிடக்குதுங்க.

மார்ச் 10
முன்னால் இருந்த குடுவையில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டேன். பின்னால் இருந்தது கைக்கு எட்டவில்லை.

மார்ச் 12
அடேயப்பா! பால் ஊற்றினாற்போலத் தண்ணீர் கலங்கிவிட்டது. அத்தனையும் உயிரா? கண்ணுக்கே தெரியாதது, இப்படிப் பெருகுமா?

மார்ச் 13
மருமகள் முகம் வெளுத்துவிட்டது. "இதுல யாரு என்ன போட்டீங்க?"
"நான்தான். சர்க்கரை. பசிக்குமேன்னு."
"நல்ல சாப்பாடு கிடைச்சா அதுங்க ஏன் அத்தை பிளாஸ்டிக்கைத் தொடும்?"
வேறு வழியே இல்லாதபோதுதான் அதைத் தின்னுமாம். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள். எவ என்னை இரக்கப்படச் சொன்னா? மிஞ்சியிருப்பது பின்னால் உள்ள ஒன்றுதான்.

மார்ச் 14
குடுவைக்குக் காவல் இருக்கிறேன். மகன் எட்டிப் பார்த்தாலும் முறைக்கிறேன். "ஏம்மா, நானா சர்க்கரை டப்பாவோட வரேன்?" என்கிறான். கொழுப்பு.

மார்ச் 27
துண்டு மங்கியிருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்த இலை போல. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். பள்ளம் பள்ளமாக!
"பல்லே இல்லாம எப்படிக் கடிக்குது?"
"நம்ம எச்சில் மாதிரி ஒண்ணை விடுதுங்க அத்தை. அது பிளாஸ்டிக்கைக் கரைச்சுடும்."
உடம்பு சிலிர்த்துவிட்டது. என் சின்ன வயதில் பிளாஸ்டிக்கே அபூர்வம். நேற்று வந்த பொருள். அதற்குள் இதைத் தின்னலாம் என்று அதுகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இன்று முழுவதும் வேறெதிலும் மனம் போகவில்லை.

மார்ச் 31
மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இன்னும் ஒரு வருஷம் இடம் உண்டு. "நகத்தளவுக்கே இத்தனை நாள்னா, தெருக்குப்பைக்கு எத்தனை காலம்?" என்றேன். "வேகமாத் தின்ன வைக்கத்தான் அத்தை அந்த ஒரு வருஷம்."

ஏப்ரல் 3
பெட்டி சரியாகிவிட்டது. காலையில் குடுவையை எடுத்துப்போய்விட்டாள். அலமாரி வெறிச்சென்று இருக்கிறது. மாலை அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன், அதுங்க எப்படி இருக்குதுங்க என்று.
"பட்டினிதான் அத்தை. நல்லா இருக்குதுங்க."
"நீ சாப்பிட்டியா?"
நிமிர்ந்து பார்த்தாள். இதற்குமுன் அவளிடம் இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவில்லை என்றால் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.