கௌதாரி காட்டில் விடப்படவில்லை என்பது பற்றி

அனுப்புநர்
ரா. ஞானம், மூன்றாம் பாரம்,
(மளிகைக்கடை ராசையாவின் மகள்)
உப்பளத் தெரு, எண்ணூர் சாலை.

பெறுநர்
கமிஷனர் அவர்கள்,
நகரசபை அலுவலகம்.

பொருள்: வேட்டைச் சாதனம் என்று பறிக்கப்பட்ட கௌதாரியை ஞாயிற்றுக்கிழமைக்குள் உயிருடன் மீட்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனு அப்பாவுக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கியபின் சாக்கு மூட்டைகளின் மறைவில் சிம்னி விளக்கை வைத்து எழுதுகிறேன். காகிதத்தில் மண்ணெண்ணெய் வாசனை வந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. நகரசபை எல்லைக்குள் பறவை, முயல், உடும்பு எதையும் பிடிக்கக் கூடாது, பிடிக்கும் சாதனங்கள் பறிமுதல் செய்யப்படும் என்று சென்ற மாதம் தண்டோரா போட்டார்கள். நல்ல சட்டம். எங்கள் தெருவில் அதில் முதலில் அகப்பட்டது எங்கள் கௌதாரி.

2. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கடை வாசலில் கூண்டு தொங்கவிட்டுக் கௌதாரி வளர்ப்பார்கள். நடையின் மிடுக்கைப் பார்த்து எங்கள் கௌதாரிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். குஞ்சிலிருந்து கரையான் கொடுத்து வளர்த்தவள் நான். கூண்டுக் கௌதாரி கூவினால் காட்டுக் கௌதாரி சண்டைக்கு வந்து கண்ணியில் விழும், ஆகவே இதுவும் ஒரு சாதனம் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் திரு. லோகநாதன் அதை எடுத்துப் போனார். கண்ணி எங்கே என்று அப்பா கேட்டதற்கு, “அத்த அப்பறமா தேடிக்கலாம்” என்று பியூன் துரை பதில் கூறினார். அப்பா கடையை விட்டுக் கோயிலுக்குப் போவதே அபூர்வம். அவரா வேட்டைக்குப் போவார்?

3. மறுவாரம் அப்பா விசாரித்தபோது, பட்சியைச் செங்குன்றம் காட்டில் விட்டாயிற்று என்றார் இன்ஸ்பெக்டர். நானும் நம்பி, அழுகையை நிறுத்தினேன். இன்று மாலை பியூன் துரை கடைக்கு வந்து மிளகு, சீரகம், கிராம்பு, ஒரு தேங்காய் கேட்டார். பிறகு அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்:

“இன்னா அண்ணாச்சி மொறைக்கிறே? ஐயா ரெண்டு நாளு விடிகாலைல உப்பளத்தாண்ட கண்ணி வெச்சிகினு குந்திகினு இருந்தாரு. உன் பட்சி வாயே தொறக்கல. கொசு கடிச்சி மூஞ்சி வீங்கினதுதான் மிச்சம். அதான் ஞாயித்துக்கெயம கொயம்புல போட்டுடலாம்னுட்டாரு. ஆமா, கௌதாரிக்கு மொளகு எவ்ளோ போடணும்?”

அப்பா மிளகைப் பொட்டலம் கட்டினார். பியூன் போனதும் என்னைப் பார்த்து, “வாயத் தெறந்த, தோல உரிச்சிருவேன் பாத்துக்கோ. கடை லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் கையிலல்லா இருக்கு” என்றார்.

4. இன்ஸ்பெக்டரின் மனைவிதான் எங்கள் கணக்கு டீச்சர். இந்த மனுவை அவர் கண்ணில் காட்டிவிட வேண்டாம். கணக்கில் எனக்கு இதற்குமேல் குறைக்க மார்க்கு இல்லை என்பது ஒன்றே என் தைரியம்.

5. பட்சி தம்மிடம் இல்லை என்று இன்ஸ்பெக்டர் சாதிப்பார். ஆகவே சாட்சியை இத்துடன் தெரிவிக்கிறேன். பழைய தீப்பெட்டியில் கரையானைப் புற்றுமண்ணோடு போட்டு, குலுக்கிக் காட்டிவிட்டுத்தான் மாப்பிள்ளைக்குக் கொடுப்பேன். குலுக்கினால் தெருக்கோடிவரை கேட்கக் கூவும். குலுக்காவிட்டால் கவர்னரே வந்தாலும் கூவாது. இதைப் பியூனிடம் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை குழம்புக்குத் தப்பியிருக்கும். ஆனால் உப்பளத்துக் கௌதாரிகளெல்லாம் இன்ஸ்பெக்டரின் கண்ணியில் விழுந்திருக்கும். அதனால் தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

6. எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழாவன்று தாங்கள் கொட்டகைக்குப் பின்னால் சுருட்டுப் பிடித்ததைப் பார்த்தேன். ஆகையால் தங்கள் சட்டைப்பையில் தீப்பெட்டி இருக்கும். சனிக்கிழமைக்குள் தாங்கள் இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலில் நின்று, சுருட்டுப் பற்றவைப்பவர்போல அதை இரண்டு தடவை குலுக்க வேண்டும். குச்சி நிறைய இருந்தால் சத்தம் வராது. பாதிப் பெட்டி நல்லது. செங்குன்றம் காடு அவர் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து பதில் சொல்லும்.

மாப்பிள்ளையை எனக்குத் திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை. இந்தத் தடவை உண்மையாகவே செங்குன்றத்தில் விடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மிளகுப் பொட்டலத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

பதிலை வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம். கூவினால் எனக்கே கேட்கும். இன்ஸ்பெக்டர் வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

இடம்: எண்ணூர் சாலை
தேதி: 16-7-1953

பயத்துடனும் பணிவுடனும்,
ரா. ஞானம்