சரக்கு அந்தரத்தில் நின்ற நேரம்

மாப்ளே,

இன்று காலையில்தான் பெட்டி பிரித்துக் கொடுத்த புது வாக்கி டாக்கி. வாயருகே கொண்டுபோனதும் உன் புகையிலை வாசம் அடித்தது. கிரேன் கூண்டில் நான் ஒருத்தன்தான். நான் புகையிலை தொடாதவன் என்பது தூத்துக்குடித் துறைமுகத்துக்கே தெரியும். என்னைத் தெரியாதவன் இங்கே யார்?

எட்டாவதோடு நின்றாலும் இந்தப் பெட்டியின் சூட்சுமத்தை எஞ்சினியர்களுக்கே விளக்கியவன் நான். பொத்தானை அமுக்கிப் பேசினால் குரல் நேரே கோபுரத்துப் பெட்டிக்குப் போகும். அது வாங்கி, பலம் ஏற்றி, வேறு அலைவரிசையில் எல்லாருக்கும் வீசும். ஒருவன் அமுக்கியிருக்கும்வரை வேறெவன் குரலும் ஏறாது.

"என் குரல் கொழும்பு வரைக்கும் போவும்" என்பேன்.

"கொழும்பு கெடக்கட்டும்லே, மொதல்ல கப்பலுக்குள்ள கேக்குதான்னு பாரு" என்பாய்.

கப்பல் மேல்தளத்தில் எனக்குச் சிக்னல் காட்டி நின்ற நீ போட்ட சட்டம் ஒன்றுதான்: "வாக்கி டாக்கி செட்டுல லைட்டு எரிஞ்சா சரக்கு அசையப்படாது. எவனோ வழிய அடைச்சிருக்கான். கீழ ஒருத்தன் நிறுத்துன்னு கத்துனாலும் ஒனக்கு வராது."

காற்றுக்காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே விழுந்தாய். உன் உடலை எடுத்தோம். இடுப்பில் செருகியிருந்த செட்டு அகப்படவில்லை.

இன்று மரத்தடிகளைக் கப்பலுக்குள் இறக்கினோம். "எறக்கலாம் அண்ணாச்சி" என்றான் உன் இடத்துக்கு வந்தவன். லீவரில் கை வைத்தேன். லைட்டு எரிந்தது. பேச்சில்லை. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுவது போல ஒரு சத்தம்.

"எவம்லே அமுக்கிட்டு நிக்கது?" என்று கத்தினேன். என் குரல் ஏறவில்லை. உன் சட்டப்படி சரக்கை அந்தரத்தில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். தடிகளுக்கு நேர் கீழே, கப்பல் கிடங்குக்குள், விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்திருந்தான் ஒருத்தன். மேல்தளத்தில் சிக்னல் காட்டியவனுக்கு அவன் தெரியவில்லை. உன் மகன்.

அவன் விலகி வந்ததும் லைட்டு அணைந்தது.

மெக்கானிக் எல்லாச் செட்டையும் வாங்கி அமுக்கிப் பார்த்தான். ஒன்றிலும் பொத்தான் சிக்கவில்லை. "கடலுக்குள்ள போன செட்டுன்னா பேட்டரி அன்னைக்கே செத்திருக்கும் அண்ணாச்சி" என்றான், நான் கேட்காமலேயே.

கேண்டீனில் வழக்கம்போல அளந்துவிட்டேன். கப்பல் சங்கு தானாக ஊதியது, கூண்டுக் கண்ணாடி விரிசல் விட்டது என்று. எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். உன் மகன் மட்டும் டீயைத் தொடாமல் இருந்தான்.

வெளியே வந்ததும் கேட்டான். "மாமா, நெசமா என்ன கேட்டுச்சு?"

"மூச்சு மட்டுந்தான் மருமவனே."

"அப்பாவா?"

இதற்கு என்னிடம் கதை இல்லை, மாப்ளே. அவன் தோளில் கை போட்டேன்.

நாளைக்கும் அவன் அந்தக் கிடங்கில்தான் இறங்குவான். மத்தியானத்திலிருந்து நான் ரெண்டே வார்த்தை பேசுகிறேன், பொத்தானை விட்டுவிடுகிறேன். உனக்கு வழி திறந்திருக்கட்டும்.