பதினான்கு பாட்டில், ஒரு சீட்டு

கோவில்பட்டி
22.2.2025

அன்பு மகள் சுதாராணிக்கு அப்பா முத்துசெல்வம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வெள்ளாடு இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நீயும் உன் அறைப் பிள்ளைகளும் அதேபோல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது உன் அம்மா சொல்கிறாள், நான் பின்னால் நின்று ஆமாம் போடுகிறேன். இந்த வருஷம் மழை காலம் தப்பிப் பெய்து உளுந்து செடியிலேயே முளைவிட்டது, கம்பு பரவாயில்லை. பக்கத்து வீட்டு கிருஷ்ணகுமார் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதையும் கொஞ்சம் கம்பு மாவும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் சித்த மருத்துவம் என்ற பேச்சை எடுத்தாலே நீ ஒரு பக்கம் உன் அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறீர்கள், நடுவில் நான் வாயைத் திறப்பதற்குள் காசு தீர்ந்துவிடுகிறது. காகிதத்தில் என்னை யாரும் மறிக்க முடியாது அல்லவா, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தா பிரிவு என்று ஒரு அறை உண்டு, அங்கே ஆனந்தி என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார், உனக்குத் தெரியும். உன் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் இடுப்பும் முழங்காலும் அந்த அம்மா கொடுக்கிற தைலத்தில்தான் ஓடுகிறது. எண்ணெயைத் தேய்த்தால் சுகமாகத்தான் இருக்கும், அதற்குப் பெயர் வைத்தியமா என்று நீ போன தீபாவளிக்குக் கேட்டாய், உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேட்டது நீ, தண்டனை எனக்கு. அவள் தன் பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன், விட்டால் முதலில் ஏசுவது அந்த ஆனந்தி டாக்டர்தான். சரி, பொங்கலுக்கு முன்னால் ஒரு செய்தி வந்தது. அந்தப் பிரிவுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது பேர்கூட வருவதில்லையாம், அதனால் டாக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு அறையை மூடப்போகிறார்களாம். உன் அம்மா சோற்றில் கை வைத்தவள் அப்படியே எழுந்துவிட்டாள். ஒம்பது பேரா, எங்க ஆபீசுல மட்டும் நாப்பது பேரு வைத்தியம் பாக்கோம், எவன் எழுதுன கணக்கு இது என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

அதற்குப் பிறகு நம் வீடு வீடாக இல்லை, கட்சி ஆபீஸ்தான். உன் அம்மாவோடு பெட்டி அடைக்கிற எதிர்வீட்டு இசக்கிசெல்வி வாசல் வரை தினமும் கூட்டம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினாள் உன் அம்மா. மருந்துக்கடைக்காரர் ஒருவர், வேரையும் பட்டையையும் நம்பி ஊர்வலம் போறீயளாக்கும் என்று சிரித்திருக்கிறார், அண்ணாச்சி ஒங்க கடைக்கு எங்க தெருவுல இருந்து மாசம் எத்தன பேரு வாராவன்னு எண்ணிப் பாத்துட்டுச் சிரிங்க என்று சொல்லிவிட்டு வந்தாளாம். நம் செண்பகராஜ் டாக்டரிடமும் போனாள், அதுதான் அடுத்த அறையில் இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கிற பையன், நல்ல குணம். ஆனந்தி மேடம் நல்லவங்கதாம்மா, ஆனா அந்த எண்ணெய்க்கு ஆதாரம் என்னன்னு எனக்குத் தெரியலயே, தெரியாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போட என்று அவர் பணிவாகவே சொல்லியிருக்கிறார். உன்னைப் போலவே பேசுகிறான் என்று வீட்டுக்கு வந்து என்னிடம் குறைப்பட்டாள், ஆனால் அதில் பாதி பெருமை இருந்தது.

ஒரு திங்கட்கிழமை தூத்துக்குடியில் மனுக் கொடுக்கப் போனோம். வேனில் பதினெட்டுப் பெண்கள், காவலுக்கு நான் ஒருவன். அங்கே சுகாதாரத் துறை அதிகாரி மனுவைப் பொறுமையாகவே படித்தார். பிறகு ஒரு கத்தைத் தாளைப் புரட்டிவிட்டு, ஒன்று கேட்கிறேன் அம்மா என்றார். ஆள் ஒன்பது பேர், ஆனால் தைலம் மட்டும் லிட்டர் லிட்டராகப் போகிறது, எங்கே போகிறது என்று டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம் என்றிருக்கிறோம், செவ்வாய் வெள்ளி தவறாமல் இரண்டு வருஷமாக முத்துசெல்வம், மூட்டு வலி என்று ஒரே ஆள் வந்திருக்கிறார், அவருக்கு எத்தனை முழங்கால் என்றார். வேனில் வந்த பதினெட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் அம்மா பார்த்த பார்வையை எழுத என்னிடம் மை இல்லை.

நடந்தது இதுதான் தாயி. பெண்களுக்குப் பண்டல் கணக்கில் கூலி, ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் போச்சு. நான் லோடுமேன் வேலையை விட்டபின் சும்மாதானே இருக்கிறேன் என்று உன் அம்மாவின் பாட்டிலை வாங்கிக்கொண்டு டி.வி.எஸ்.ஸில் போனேன். அடுத்த வாரம் இசக்கிசெல்வி பாட்டிலும் சேர்ந்தது, அப்புறம் ஆள் மாற்றி ஆள் என்று ஒரு நடைக்குப் பதினான்கு பாட்டில் ஆனது. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி ஒயர் கூடையில் அடுக்கிக்கொண்டு போவேன், என் பெயருக்கு ஒரே ஒரு ஓ.பி. சீட்டு, கணக்கில் ஒரே ஆள். ஆள் வரணும் அண்ணாச்சி, பாக்காம எப்படிக் கொடுக்க என்று டாக்டரம்மா ஆரம்பத்தில் சொல்லத்தான் செய்தார். ஒரு தடவை அத்தனை பேரையும் காட்டிவிட்டேன், அதன்பிறகு கூலி போகிறதே என்று நான் கெஞ்சினதில் மனம் இளகி ஊற்றிக் கொடுத்தார். உபகாரம் செய்கிறேன் என்று நினைத்து நான்தான் அந்த அறைக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இப்போது அந்த அம்மா மேலும் பழி. முன்னால் போய், ஐயா அந்த முத்துசெல்வம் நான்தான், தப்பு என்னோடது, பாட்டில் எல்லாம் இவிய பாட்டில் என்று பெயர் பெயராகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு மாதம் பார்க்கிறேன், அதற்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

வரும் வழியெல்லாம் வேனில் என்னை வறுத்தெடுத்தார்கள், அதை விடு. தீப்பெட்டி ஆபீசு ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும், டாக்டரம்மா ஏழரைக்கே அறையைத் திறக்கிறேன் என்றார், விஷயம் அவ்வளவுதான், இரண்டு வருஷமாக யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாட்டில் ஏற்றின வண்டியில் இப்போது ஆள் ஏற்றினேன், மற்றவர்கள் ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை அறுபத்தோரு பேர். நேரில் வந்ததில் இன்னொரு காரியமும் நடந்தது. தைலத்துக்கு வந்தவர்களில் நாலு பேருக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருக்கும் என்று சந்தேகப்பட்டு டாக்டரம்மாவே அடுத்த அறைக்கு அனுப்பினார், சோதித்ததில் நாலு பேருக்கும் நோய் இருந்தது. பாட்டில் மட்டும் போயிருந்தால் இது தெரிந்திருக்காது. செண்பகராஜ் டாக்டர், எண்ணெயைப் பத்தி நான் இப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், ஆனா இந்த நாலு பேரும் எங்கிட்ட நேரா வந்திருக்கவே மாட்டாங்க என்று அப்படியே ஒரு தாளில் எழுதி அதிகாரிக்கு அனுப்பினார். போன புதன்கிழமை உத்தரவு வந்துவிட்டது. அறை இருக்கிறது, டாக்டரும் இருக்கிறார், விளக்கம் கேட்கிற பேச்சும் நின்றது. உன் அம்மா தெருவுக்கே கேசரி கிண்டினாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் கொஞ்சம் குறைவு. நீங்களும் போய் நில்லுங்க, ஒரு தலை கூடும் என்று உன் அம்மா விரட்டினாள். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, பழைய பழக்கத்தில் மூட்டு வலி என்று சொன்னேன். டாக்டரம்மா முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, மூட்டு நல்லாத்தான் இருக்கு, நெசமா ஒங்களுக்கு என்ன செய்யுது அண்ணாச்சி என்று கேட்டார். ஊரார் நோவை எல்லாம் இரண்டு வருஷமாக அந்த மேசையில் சொன்னவன் அன்றுதான் என்னுடையது ஒன்றைச் சொன்னேன். உறக்கம் வரமாட்டேங்கு என்றேன். எத்தனை நாளாக என்றார், தெரியவில்லை என்றேன். அவர் பேச்சை மாற்றினது போல, மகள் வெளிநாட்டுல இருக்காளாமே, போயி எவ்வளவு காலமாச்சு என்றார். வர்ற ஆனியோட மூணு வருஷம் என்றேன். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தேன். உறக்கமின்மை, மூன்று வருஷமாக, என்று எழுதியிருந்தது.

பதறி லீவு போட்டுவிடாதே. இரவு ஒரு சூரணம் கொடுத்திருக்கிறார், இப்போது கொஞ்சம் பரவாயில்லை, அது சூரணமா வேறு எதுவுமா என்று உன் படிப்பை வைத்து ஆராயவும் வேண்டாம். டியூட்டி முடிந்ததும் நேரத்துக்குச் சாப்பிடு, நிறையத் தண்ணீர் குடி. இதில் கடைசியாக எழுதினதை அம்மாவிடம் சொல்லாதே, அவளும் அடுத்த வாரமே உறக்கம் இல்லை என்று ஒரு சீட்டு எடுத்துவிடுவாள். நீ தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்க வேண்டும், உன் கை நோகாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு
உன் அப்பா
லோ. முத்துசெல்வம்