நாற்காலிக்கு அடியில் இருக்கும் முகவரி

4 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன கேடு. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் மின்னஞ்சல்.

நம் சக்கர நாற்காலிப் பட்டறையின் இணைய முகவரி இன்னும் உன் பெயரில் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் அதைப் பதிந்த அன்று என் கை முழுக்க கிரீஸ். "நீயே உன் பேரைப் போடுடா, யார் பேர்ல இருந்தா என்ன" என்று சொன்னவள் நான்தான். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

நீ பட்டறையை விட்டு, புது நாற்காலி விற்கும் அந்தக் கம்பெனிக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. முகவரியை வேறு பதிவு நிறுவனத்துக்கு, என் பெயருக்கு, மாற்றப்போகிறேன். வேறு யாரும் மாற்றிவிடாதபடி உன் கணக்கில் போட்டிருக்கும் பூட்டை எடுத்துவிட்டு, மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை அனுப்பு. இரண்டு நிமிட வேலை.

அம்மா உன்னைக் கேட்டாள். மூட்டுவலி பரவாயில்லை.

அக்கா

9 மார்ச்

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் படி. குறியீட்டை அனுப்ப முடியாது. அந்த முகவரியை எங்கள் கம்பெனி கேட்கிறது. மாதக் கடைசியிலிருந்து அதைத் திறந்தால் எங்கள் விற்பனைப் பக்கம் வரும். நான் புதிதாகச் சேர்ந்தவன், எதிர்த்துப் பேச முடியவில்லை. மேலாளர் நேற்று, "அது உங்க பேர்லதானே இருக்கு, அப்புறம் என்ன யோசனை?" என்றார். நான் என்ன சொல்வது?

உனக்கும் இங்கே ஓர் இடம் பேசி வைத்திருக்கிறேன். சர்வீஸ் பிரிவுக்குத் தலைமை. இன்னும் எத்தனை காலம் தரையில் உட்கார்ந்து பேரிங் மாற்றுவாய்? உன் முதுகை நினைத்துப் பார். அப்படியும் வர மனமில்லை என்றால் புதிதாக ஒரு முகவரி வாங்கிக்கொள், நானே எல்லாம் அமைத்துத் தருகிறேன்.

உன் தம்பி

12 மார்ச்

தம்பிக்கு,

புது முகவரியா? ஆயிரத்து நூறு நாற்காலிக்கு அடியில் ஒட்டியிருக்கிறோமே லேபிள், அதை யார் போய்க் கிழிப்பது? நீயா, உன் மேலாளரா? "போன் நம்பர் மாறிக்கிட்டே இருக்கும்க்கா, முகவரி மட்டும் போதும்" என்று அச்சடிக்க வைத்தவன் நீ.

போன வாரம் நம் பழைய வாடிக்கைக்காரர் டீச்சருக்குப் பஸ் நிறுத்தத்தில் முன்சக்கரம் கழன்றுவிட்டது. பக்கத்தில் நின்றவரிடம் "சீட்டுக்கு அடியில பாருங்க, எழுதியிருக்கும்" என்று சொல்லி, நம் பக்கத்தைத் திறக்க வைத்து, என்னைக் கூப்பிட்டார். இருபது நிமிடத்தில் போய் மாட்டினேன். அடுத்த மாதம் இதே நடந்தால் உன் கம்பெனி அவருக்குப் புது நாற்காலிப் படம் காட்டும். பாவம், நடுரோட்டில் உட்கார்ந்து நிறம் பார்க்க வேண்டியதுதான்.

விட மாட்டேன். கம்ப்ரசருக்குப் பின்னால் சுவரில் மார்க்கரால் எழுதிவைத்தாயே கடவுச்சொல், அதை நீ மாற்றவே இல்லை. நேற்று உன் கணக்கில் நுழைந்து பூட்டை எடுத்தேன், குறியீட்டை வாங்கிப் புதுப் பதிவு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டேன். திருட்டு என்று சொல்வதானால் சொல். உனக்குத் தெரியாமல் செய்ததாக மட்டும் இருக்கக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இன்று உனக்குப் பழைய பதிவு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வரும். இரண்டு பொத்தான் இருக்கும், சம்மதம் ஒன்று, மறுப்பு ஒன்று. எதையும் அழுத்தாவிட்டால் ஐந்து நாளில் தானாக மாறிவிடுமாம். அந்த மூன்றாவது வழியில் மட்டும் போகாதே. மறுப்பதானால் மறு, சண்டை போடலாம், நாம் போடாத சண்டையா. சம்மதம் என்றால் மேலாளரிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டு அழுத்து. எதுவானாலும் உன் விரலால் செய்.

வேலை கேட்டு நான் உன்னிடம் வரவில்லை. என் முதுகை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

18 மார்ச்

தம்பிக்கு,

முகவரி இன்று காலை என் பெயருக்கு வந்துவிட்டது. உன்னிடமிருந்து சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. இத்தனை நாளும் நட்டை முறுக்குவதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். அம்மா கேட்டாள், "அவன் என்னடி சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலைம்மா."

"அப்ப சரின்னுதான் அர்த்தம். விடு."

என்னால் விட முடியவில்லை. மேலாளரிடம் "நான் ஒண்ணும் பண்ணலை சார்" என்பாய். நாளைக்கு என்னிடமும் அதையேதான் சொல்வாய். இரண்டு இடத்திலும் செல்லுபடியாகும், சாமர்த்தியம்தான். நீ மறுத்திருந்தால்கூட நாலு நாள் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். இதுதான் வலிக்கிறது.

நன்றி சொல்லப்போவதில்லை. நீ கொடுத்திருந்தால்தானே சொல்வதற்கு.

பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அந்தப் பதிவு நிறுவனத்தின் விதி. என் விதி வேறு. நீயாக வாய் திறக்கும்வரை, முடியாது என்று நீ சொன்னதாகத்தான் நான் வைத்துக்கொள்வேன்.

அக்கா