இடது பக்கக் கதவு

மார்ச் 2

வண்டிக் கீறலை மறைக்க டச்சப் பெயிண்ட் வாங்கி வந்தாகிவிட்டது. கடைக்காரர் வண்டியின் நிற நம்பரைப் பார்த்துக் கலந்து, நகப்பூச்சு அளவுக்கு ஒரு குப்பியில் கொடுத்தார். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், "என் வண்டிக்கு என்ன குறைச்சல்?" என்று ஆரம்பிப்பார். குறைச்சல் இடது பக்கப் பின்கதவில் இருக்கிறது. அங்கங்கே பெயிண்ட் பெயர்ந்து தகரம் தெரிகிறது. கல் தெறித்திருக்கும் என்கிறார். கல்லுக்கு அந்தக் கதவின் மேல் அப்படி என்ன ஆசையோ.

மார்ச் 3

ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷன். கடைத்தெருவில் பாதிப் பேர் இவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கு அவர் காரிலும் நான் பஸ்ஸிலும் வீடு வந்து சேர்ந்தோம்.

டிசம்பரில் தலை சுற்றி விழுந்து, ஆஸ்பத்திரியில் தலைக்குப் போகும் ரத்தக் குழாயில் லேசான அடைப்பு என்று சொல்லி அனுப்பியதிலிருந்து மகளுக்குப் பயம். "அம்மா, வண்டில புதுசா ஒரு கீறலைப் பார்த்தேன்னா சாவியை நான் எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். சாவி போனால் இவர் என்ன செய்வார்? நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்.

மார்ச் 5

முதல் தடவை சொதப்பல். குப்பியோடு வந்த பிரஷ்ஷால் தொட்டேன், கதவுக்கு மச்சம் முளைத்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கழுவி, காயவைத்து, ஸ்பிரிட்டால் பிசுக்கை எடுத்து, உப்புத்தாளால் ஓரத்தை மட்டும் தேய்த்து, பிரைமர் வைத்து — அப்புறம் பல்குத்தும் குச்சி நுனியில் துளித் துளியாகப் பெயிண்ட். ஒன்று காய்ந்தபின் இன்னொன்று. இத்தனை வருஷம் கிழிந்த துணிக்கு இழை கோத்துச் சம்பாதித்த கை, சீக்கிரம் பழகிக்கொண்டது. இவர் மத்தியானம் தூங்கும் நேரம்தான் என் நேரம்.

மார்ச் 9

இடது பக்கக் கண்ணாடி மடங்கிக் கிடக்கிறது. கேட்டால், "எவனோ இடிச்சிட்டுப் போயிருக்கான்."

மார்ச் 13

முன்கதவில் நீளமாக ஒரு கீறல். இடது பக்கம்தான். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், மாட்டியது. நகம் மாட்டினால் பாலிஷ் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, பெயிண்ட்தான் வைக்கணும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆனால் என் கை நின்றது அதற்காக இல்லை. கீறலுக்குள் சிவப்பு. எங்கள் வண்டி சாம்பல் நிறம். தின்னர் தொட்ட துணியால் துடைத்தேன். சிவப்பு துணிக்கு வந்துவிட்டது.

யாருடைய சிவப்பு இது? சைக்கிளா? ஸ்கூட்டரா? அதன் மேல் யாராவது இருந்தார்களா?

"இன்னைக்கு எங்க போனீங்க?"

"மருந்துக் கடைக்கு."

"வழில ஏதாவது—"

"ஒண்ணும் இல்லையே."

பொய் சொல்லவில்லை. இவர் பொய் சொன்னால் காது மடலே காட்டிக்கொடுத்துவிடும். பொய் இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 14

மருந்துக் கடைக்கு நடந்தே போனேன். கடை வாசலில் ஒரு சிவப்புக் கம்பம். இடுப்பு உயரத்தில் சாம்பல் தீற்றல். நம்ம வண்டிதான். அப்பாடா, வெறும் கம்பம் என்று மூச்சு விட்டேன். அதே கம்பத்தில் ஒரு வயசான அம்மா சாய்ந்து நின்று மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். விட்ட மூச்சு திரும்ப வரவில்லை.

வீட்டுக்கு வந்து கீறலை அடைத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

மார்ச் 20

நான் வைத்த இடமெல்லாம் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. "நம்பர் சரிதாம்மா, உங்க வண்டிதான் வெயில்ல வெளுத்திருக்கு" என்றார் கடைக்காரர். அதனால் முழு வண்டியையும் மெருகேற்றும் காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. வேக்ஸ் பூசிக் காயவிட்டிருந்தபோது இவர் எழுந்து வந்துவிட்டார். கோபப்படவில்லை. "தள்ளு, துடைக்கிறதுக்கும் ஒரு கை வேணும்" என்று துணியைப் பிடுங்கிக்கொண்டு டிக்கிக்குப் பின்னால் போய் நின்றார்.

வெகு நேரம் துடைத்தார். வலது பாதியில் முகம் பார்க்கலாம். இடது பாதியில் வேக்ஸ் அப்படியே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு.

"எப்படி?" என்றார், துணியை உதறியபடி.

"முழுக்கத் துடைச்சாச்சா?"

"ஏன், கண்ணு தெரியலையா உனக்கு?"

உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ராத்திரி பார்க்கிறேன், தட்டிலும் இடது பக்கம் தொடாமல் இருக்கிறது. என் சமையலைத்தான் ஒதுக்குகிறார் என்று இத்தனை நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பாவி நான்.

மார்ச் 23, சனி

மகள் வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து குனிந்து பார்த்தாள்.

"ஒரு கீறல்கூட இல்லையேப்பா. நான்தான் சும்மா பயந்துட்டேன்."

"மாஸ்டர் வண்டிம்மா" என்றார் இவர்.

"எனக்கு ஆபீஸ்ல நேரம் மாத்திட்டாங்க. திங்கட்கிழமைலருந்து பாப்பாவை ஸ்கூல்ல நீங்களே விட்டுடுங்க."

பேத்தி பின்சீட்டில் எப்போதும் இடது ஜன்னல் ஓரம்தான் உட்காருவாள். வேறு இடம் கொடுத்தால் ரகளை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இவர் முகம் டிசம்பருக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அப்படி மலர்ந்தது. திறக்க வரவில்லை. இவர் நன்றாக ஓட்டுகிறார் என்று சர்டிபிகேட் கொடுத்தது யார்? என் கை. இந்தப் பாழாய்ப்போன கை.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் தின்னரையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு போய் இடது பக்கம் உட்கார்ந்தேன். ஊறிய துணியை வைத்து அழுத்தினால் நான் வைத்ததெல்லாம் கரைந்து வருகிறது. மிச்சத்தைத் தாள் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு கீறலாக வெளியே வந்தது. வைக்க எத்தனை நாள், எடுக்க ஒரு காலைப்பொழுது.

"என்ன பண்ணிட்டிருக்க?" இவர் பின்னால் நின்றார்.

இவர் கையைப் பிடித்துக் கதவின் மேல் வைத்து இழுத்தேன். நகம் மாட்டியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். தலையை நன்றாகத் திருப்பி, அந்தப் பக்கமாக நகர்ந்து வந்து பார்த்தார். பிறகு தானே ஒவ்வொன்றாகத் தடவினார். முன்கதவு, பின்கதவு, கண்ணாடி.

"இத்தனையும் நானா?"

"ஆமாங்க."

"கத்துக்க வர்றவன் இப்படி இடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"இறக்கி விட்டுடுவீங்க."

சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா, உனக்கு அறிவு இருக்கா?" என்று கத்தினாள். கத்தட்டும். பாப்பா நாளைக்கு பஸ்ஸில் போவாள்.

ஏப்ரல் 4

டாக்டர் சொல்கிறார், கண் நன்றாகத்தான் இருக்கிறதாம். "டிசம்பர்ல வந்த அடைப்புதான். இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே மூளை விட்டுடுது. அவருக்கே அது தெரியாது."

"சரியாகிடுமா?"

"பயிற்சி கொடுத்துப் பார்ப்போம்."

பார்ப்போம்.

ஏப்ரல் 19

வண்டி மேல் தூசி. இரண்டு பேரும் அதைத் தாண்டித்தான் வெளியே போகிறோம்.

ஜூன் 8

நான் லைசென்ஸ் வாங்கியபின் இன்றைக்குத்தான் இவரை வைத்து ஓட்டினேன். கற்றுக்கொடுத்தது இவருடைய பழைய மாணவி. இவர் கற்றுத் தருகிறேன் என்றார்தான், ஒருமுறை பஸ்ஸில் வந்தது போதும் என்று சொல்லிவிட்டேன். போகும்போது நன்றாகத்தான் போனேன். திரும்பி வரும்போது கேட் தூணில் வலது பக்கக் கதவை உரசிவிட்டேன்.

இறங்கிச் சுற்றி வந்து, நேராக அந்த இடத்தில் நின்றார். நகத்தை வைத்து இழுத்தார்.

"மாட்டுது" என்றார்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. குப்பியையும் குச்சியையும் கொண்டுவரச் சொல்லி, கழுவித் தேய்த்து, துளித் துளியாக அவரே வைத்தார். எனக்கு இத்தனை சுத்தமாக வராது. காயட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்தார். அலுப்பில் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், எந்தப் பக்கம் என்று யோசிக்காமல்.

பிறகு வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்க போயிட்ட? இங்க வந்து பாரு, காஞ்சிடுச்சு."

என் தோள் அவர் தோளில் படாத குறைதான். எழுந்து, அவர் பின்னால் சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்தேன். "இங்கதான் இருக்கேன்" என்றேன்.