நாற்பது நிமிடம்

ஜூலை 6, ஞாயிறு

இன்று சபையில் பொறுமையைப் பற்றிச் சாட்சி சொன்னேன். போதகர் ஐந்து நிமிடம் கொடுத்தார். நான்கு நிமிடம் ஐம்பது வினாடியில் முடித்தேன். பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக நேரக்காப்பாளன். என் விசிலுக்கு நகராத வண்டி கிடையாது. அப்படிப்பட்ட நானே, தம்பி விஷயத்தில் மூன்று வருடமாகக் கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கிறேன் என்றேன். பின்வரிசை அம்மா ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி கேட்டிருக்க வேண்டும். அவன் மாலை ஆராதனைக்காரன். காலையில் எழுந்தால்தானே!

பிறகு ஜெபச்சீட்டு. இரண்டு ஆராதனைக்காரர்களும் பெயர் போடாமல் விண்ணப்பத்தைப் பெட்டியில் போடுவோம். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று ஆலயப் பணியாளர் எல்லாவற்றையும் தன் கையால் சின்னச் சின்னத் துண்டுக் காகிதத்தில் நகல் எடுப்பார். மறுநாள் குலுக்கி ஆளுக்கொன்று கொடுப்பார். யாருக்காக என்று தெரியாமலே ஒரு மாதம் ஜெபிக்க வேண்டும்.

நான் போட்டது: தம்பிக்கு நல்ல புத்தி வந்து, அவனே மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் என்றும் சேர்த்திருக்கிறேன். ஆண்டவருக்கும் ஒரு கெடு இருந்தால் நல்லதுதானே?

ஜூலை 7, திங்கள்

எனக்கு வந்த சீட்டு: ‘என் அண்ணன் தானாக வந்து பேச வேண்டும். கர்த்தருடைய வேளைக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறேன்.’

படித்ததும் எரிச்சல். இதுவா பொறுமை? வீம்பு! வீம்புக்கு வெள்ளைச் சட்டை மாட்டி ஆலயத்துக்கு அனுப்பியிருக்கிறான். எழுந்து போய் அண்ணன் கதவைத் தட்ட வேண்டியதுதானே? இருந்தாலும் கடமைக்கு ஜெபித்தேன். இரண்டு நிமிடம்.

ஜூலை 10, வியாழன்

ஜெபித்தேன். ஒன்றரை நிமிடம்.

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிடும்போது அந்தச் சீட்டுக்காரனைத் திட்டித் தீர்த்தேன். “காத்திருக்கத் தெரிஞ்சவனுக்கு நாலு தெரு நடக்கத் தெரியாதா?”

மனைவி தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “இங்கேருந்து உங்க தம்பி வீடு எத்தனை தெரு?”

நான்கு. அது வேறு, இது வேறு என்றேன். என்ன வேறு என்று கேட்டாள். எனக்கு உடனே தண்ணீர் தாகம் எடுத்துவிட்டது, எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மேசையைத் துடைத்த மனைவி சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பின்பக்கமும் எழுதியிருக்கிறது. ஒரு வாரமாக ஜெபிக்கிறேன், ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

‘அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அண்ணன் முகத்தையாவது பார்க்க வேண்டும்.’

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாட்சியில் சொல்லாததை இங்கேயாவது எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு, அப்பா அடக்கம் நான்கு மணிக்கு. தம்பி வந்த வண்டி வழியில் பழுது. போனில் அழுதான் — “அண்ணா, நாற்பது நிமிஷம். வந்துடுவேன். பெட்டியை மூடிடாதீங்க.” காத்திருக்கலாமே என்று போதகர்கூடச் சொன்னார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம்னா நேரம்தான் என்றேன். மூடச் சொன்னது நான். அவன் வந்தபோது மண் போட்டாகிவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவனா மன்னிப்புக் கேட்கணும்? ஐயோ, என்ன மனுஷன்யா நான்!

ஜூலை 16, புதன்

இன்றே போயிருக்கலாம். மழை வரும்போல இருந்தது. கர்த்தர் ஏதாவது ஓர் அடையாளம் காட்டினால் கிளம்பலாம் என்றேன்.

“இதுக்கு மேல என்ன, அவரே வாசல்ல வந்து நின்னு விசில் ஊதணுமா?” என்றாள் மனைவி.

மழை வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

போனேன். கதவைத் திறந்தான். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. “நான் காத்திருந்திருக்கணும்டா” என்றேன்.

கதவைப் பிடித்தபடி நின்றான். உள்ளே கூப்பிடவில்லை. “சனிக்கிழமை கல்லறைக்குப் போறேன். நாலு மணிக்கு வாங்க” என்றான்.

ஜூலை 19, சனி

கல்லறைத் தோட்டம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான்கு இருபது வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். அவனிடமிருந்து போனும் இல்லை.

இப்போது காவலாளி சாவியோடு வந்தார். “சார், கேட்டை மூடணும். நேரமாயிடுச்சு.”

“கொஞ்சம் பொறுங்கய்யா” என்றேன். “என் தம்பி வரணும்.”