லேப்டாப்பின் இடது பக்கம்

17-10-2007, புதன்

விரல் கணுக்களில் வலி. மகன் வழிப் பேத்தி சரிதா லேப்டாப்பில் பாட்டுகளைக் கலந்து பழகும்போது நான் அதன் இடது பக்கம் உட்கார்ந்துகொள்வேன். அங்கே இருக்கும் சின்னச் சல்லடை வழியாகச் சூடான காற்று வரும். விரல்களைக் காட்டினால் சுகமாக இருக்கும். பாட்டு எனக்குப் புரிவதில்லை.

காத்தவராயன் வந்தான். சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன். 1996இல் தெருப் பந்தலுக்கு ஒலிபெருக்கி கட்டியபோது எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பாமல் போனவன். இரண்டு வருடமாக அவன் பந்தல்களில் சரிதா ஒயர் சுற்றினாள். இப்போது முதல் முறையாக ஒரு வரவேற்பு முழுவதையும் அவளிடமே விடுகிறானாம். வருகிற 24, சாயங்காலம் ஆறு மணி, நோணாங்குப்பம் போகிற ரோட்டில் ஒரு மண்டபம்.

“பொம்பளப் புள்ள டிஜேவான்னு பொண்ணு வீட்லயே கேக்குறாங்க. ஒரு தடவ பாட்டு நின்னா எங்காளு சிடிய போட்டுடுவான். அப்பறம் நீ ஒயரே சுத்திக்கினு இரு” என்றான்.

“நிக்காது” என்றாள் சரிதா.

நிற்கத்தான் இல்லை. ஆனால் நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ‘டக்’ என்று ஒரு சத்தம் நடுவில் விழுகிறது. எனக்கே கேட்கிறது.

18-10-2007

இன்றும் டக். எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் பதிமூன்று.

20-10-2007, சனி. ஆயுத பூஜை

அரிவாள்மணை, தையல் மிஷின், சுத்தியல், சரிதாவின் லேப்டாப். எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படைத்தோம். லேப்டாப்புக்கு அவள் பொட்டு வைக்க வந்தாள். “நீ கோணலா வெப்பே, குடு” என்று நான் வாங்கிக்கொண்டேன். மூடிமேல் மூன்று விரல் விபூதி. நாலு பக்கமும் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனத்தைக் கெட்டியாக அரைத்திருந்தேன்.

படையல் முடிந்ததும் மருமகன் புருஷோத்தமன் வந்தார். என் மகளைக் கட்டியவர். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். சுண்டலைத் தின்றுவிட்டு லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலைவரை யாரும் தொடமாட்டார்கள். அவர் தொட்டார்.

“பாட்டு போடறப்ப இது வேற எந்த வேலையும் பாக்கக் கூடாது. ஒயரில்லாம நெட்டு தேடுதே, அத நிறுத்தணும். தானா அப்டேட் ஆவறத நிறுத்தணும். வைரஸ் வராம காவல் காக்குதே, அந்த வைரஸ் கார்ட நிறுத்தணும். கரண்ட மிச்சம் புடிக்காத, முழு வேகத்துல ஓடுன்னு சொல்லிடணும்.”

“ஓடிக்கினு இருக்கறதுல ஏன் மாமா கைய வெக்கணும்? அந்த டக் சத்தம் மண்டபத்துல கேக்கவா போவுது?”

“ஸ்பீக்கர் முன்னாடி நிக்கிறவனுக்கு வெடி மாதிரி கேக்கும்.”

“வைரஸ் கார்ட மட்டும் விட்ருங்க. ஆளாளுக்கு பென் டிரைவ கொண்டாந்து நீட்டுவாங்க.”

அவர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தினார். கேட்கிற ஆளா? 11-6-1989, தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு எடுத்த கைக்கடிகாரத்தில் தோல் பட்டை, ஸ்டீல் பட்டை இல்லை என்று தாம்பாளத்தில் திருப்பி வைத்தவர். என் வீட்டுக்காரர் தன் கையில் இருந்த ஸ்டீல் பட்டையைக் கழற்றிக் கொடுத்தார். பந்தலில் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

21-10-2007, விஜயதசமி

பொட்டையெல்லாம் ஈரத் துணியால் துடைத்துவிட்டுச் சரிதா பாட்டுப் போட்டாள். அரை மணி நேரம் ஒரு டக் இல்லை. பிறகு திக்க ஆரம்பித்தது. ஒரு சொல்லை மூன்று தடவை சொன்னது. கடைசியில் தானாக அணைந்துபோனது.

சரிதா அழவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

22-10-2007

மருமகன் செய்ததில் பாதியைப் பழையபடி மாற்றினாள். அப்படியும் திக்கி அணைந்தது. போன் போட்டுக் கத்தினாள். “பூஜையில வெச்சத எடுத்து நோண்டுனீங்க இல்ல, உங்க கை பட்டதே தப்பு மாமா!” அவர், “மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்தித் தரேன்” என்றாராம். “நீங்க வரவே வேணாம்” என்று வைத்துவிட்டாள்.

நான் சொல்ல நினைத்ததை அவளே சொன்னாள்.

சூடான காற்று வரவில்லை. அதையும் நிறுத்திவிட்டார் போல.

23-10-2007, செவ்வாய்

மத்தியானம் மிச்சத்தையும் பழையபடி மாற்றி, அணைத்து வைத்துவிட்டு, மண்டபத்தைப் பார்க்கப் போனாள்.

நான் மேஜையைத் துடைத்தேன். லேப்டாப்பைத் தூக்கியபோது இடது பக்கச் சல்லடை மஞ்சளாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம். காய்ந்து சிமெண்ட் மாதிரி. ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. காற்று எங்கே போகும்? உள்ளேயே வெந்திருக்கிறது.

நான் பண்ணதா இது? நானா? அறுபத்தொம்பது வயசுல எவ்ளோ ஆயுத பூஜை பாத்துட்டேன் — தையல் மிஷினுக்கு மூச்சு விட ஓட்டையா இருக்கு? யாரு கண்டா?

ஊக்கை வைத்து ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுத்தேன். பழைய பல் பிரஷால் தேய்த்தேன். விழுந்த தூளை முந்தானையில் தட்டிக் கொல்லையில் உதறினேன். யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்து போட்டுப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் ஓடியது. திக்கவில்லை. டக் மட்டும் திரும்ப வந்துவிட்டது.

“பாத்தியா ஆயா, மாமா செஞ்சத மொத்தமா எடுத்தப்பறம்தான் சரியாச்சு. இந்த டக்கோடவே போட்டுக்கறேன். இனிமே யாரையும் தொட வுடமாட்டேன்.”

நான் சோறு போட்டேன்.

24-10-2007, புதன்

காலையில் எழுதுகிறேன். டக்கைப் போக்க மருமகன் செய்தது சரி. 21ஆம் தேதி முதல் அரை மணி நேரம் டக் இல்லையே, நான் கேட்டேனே. திக்கியதுதான் என்னால். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் கெடுத்ததாகவே இருக்கும். பதினெட்டு வருடமாக அவர்மேல் ஒரு குற்றம்தான் இருந்தது. இப்போது இரண்டு. எனக்கு நஷ்டமில்லை.

டக் என்று ஒவ்வொரு தடவை விழும்போதும் காத்தவராயன் இவளைத் திரும்பிப் பார்ப்பான்.

மத்தியானம். பையில் ஒயர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

“அந்தச் சல்லடைய அடைச்சது நான்தான்டி. சந்தனம். நேத்து குத்தி எடுத்துட்டேன். உங்க மாமா செஞ்சதுல தப்பில்ல.”

“ஆயா… நீயா?”

“நான்தான்.”

“நேத்தே சொல்றதுக்கு இன்னா? மாமாவ வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே!”

“இப்ப சொல்றேன் இல்ல. போன போடு.”

மூன்று மணிக்கு அவர் வந்தார். மூஞ்சி இறுகித்தான் இருந்தது. அவள் பழையபடி ஆக்கியதையெல்லாம் திரும்ப மாற்றினார். முழு வேகம் என்கிற இடத்துக்கு வந்தபோது என்னைப் பார்த்தார். “சந்தனம் ஏதும் பாக்கி இல்லியே அத்தை?” என்றார். சரிதா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

வைரஸ் கார்டை அவர் நிறுத்தவில்லை. “இத நீ சொன்னது சரிதான். அதோட, எவன் நீட்னாலும் பென் டிரைவ வாங்காத. என்ன பாட்டு வேணும்னு சீட்ல எழுதித் தரச் சொல்லு.”

பையை அவரே தூக்கிக்கொண்டு கூடப் போனார்.

25-10-2007

ஒரு தடவையும் நிற்கவில்லையாம். டக் இல்லையாம். காத்தவராயன் டிசம்பரில் ஆறு தேதி கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவில்லை. குறித்துக்கொண்டேன்.

8-11-2007, வியாழன். தீபாவளி

மகளும் மருமகனும் வந்தார்கள். இட்லி, கறிக்குழம்பு. அவருக்கு எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போட்டேன். அந்த ஸ்டீல் பட்டையைத்தான் இன்னும் கட்டியிருக்கிறார். கடிகாரம் வேறு.

சரிதா சாப்பிட்டதும் பாட்டுப் போட உட்கார்ந்துவிட்டாள். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். காற்று வருகிறது. முன்பைவிடச் சூடு அதிகம்.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்று தேதியோடு வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் பழைய நோட்டிலிருந்து பார்த்து எழுதுவது. இன்று என் பேரிலும் ஒரு வரி சேர்த்தேன்.

20-10-2007. சந்தனம். தனக்கொடி.

1989 வரி அதற்கு மேலே இருக்கிறது. அடிக்கவில்லை.